'ஒத்துழைப்புத் தொகுப்பு' வேண்டாம், 'சேர்ந்தெழுத்து' போதும்

சேலம் வட்டாரத்தில் ஆசிரியர்களுக்கு நடக்கும் கணினிப் பயிற்சிகளில் சில காலமாக ஒரு சொற்றொடர் தவறாமல் வந்துவிடுகிறது: 'ஒத்துழைப்புத் தொகுப்புக் கருவிகள்'. ஒரே பக்கத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுதவும் மாற்றவும் இடந்தரும் கூகுள் டாக்ஸ், ஈதர்பேட் போன்ற செயலிகளைத்தான் இப்படிக் குறிக்கிறார்கள். கையேட்டிலும் அதுவே, திரையிலும் அதுவே. பயிற்சி முடிந்து தேநீருக்கு வெளியே வந்தவரைக் கேட்டால், "டாக்ஸ்ல எல்லாரும் சேந்து எழுதறதுங்க சார்" என்கிறார். பொருள் புரிந்தவர் சொல்வது ஒன்றும் அச்சிட்டவர் சொல்வது வேறொன்றுமாக இருந்தால், ஐயப்பட வேண்டியது அச்சைத்தான்.

இத்தொடரின் ஆங்கில மூலம் 'கொலாபரேட்டிவ் எடிட்டிங்'. முதற்சொல் 'உடன்', 'உழை' என்னும் இரு லத்தீன் கூறுகளால் ஆனது. இரண்டாவது, 'வெளியே கொடு', அதாவது வெளியிடு என்னும் லத்தீன் வினையின் வழிவந்தது. கருவியின் வரலாறும் நீண்டதன்று. 1968இல் டக்ளஸ் எங்கல்பார்ட் தொலைவில் இருந்த இருவர் ஒரே திரையில் பணிபுரிய முடியும் என்று செய்து காட்டினார். 1995இல் வார்ட் கன்னிங்காம், படிப்பவர்களே பக்கங்களை மாற்றக்கூடிய இணையதளமான விக்கியை வெளியிட்டார். 2006இல் கூகுள், ரைட்லி என்னும் செயலியை வாங்கியதிலிருந்து இன்றைய டாக்ஸ் வளர்ந்தது.

'ஒத்துழைப்பு' என்பது லத்தீன் கூறுகளுக்கு எழுத்துக்கெழுத்து ஈடானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சொல் பகுதி விகுதியால் மட்டும் வாழ்வதில்லை, வழக்கால் வாழ்கிறது. 'பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டும்' என்று மாநகராட்சி அறிவித்தால், வேலையை நாங்கள் செய்கிறோம், நீங்கள் குறுக்கே வராதீர்கள் என்றே பொருள். 'மாணவர்கள் ஒத்துழைப்புத் தர வேண்டும்' என்று தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் சொன்னால், சத்தம் போடாதீர்கள் என்று பொருள். ஒருவர் நடத்த மற்றவர் இணங்கிப் போவதைக் குறிக்கும்படி தேய்ந்துவிட்ட இச்சொல்லை, எல்லாரும் சமமாக எழுதும் ஒரு பக்கத்துக்குச் சூட்டுவது பொருந்தாது.

'தொகுப்பு' இன்னும் மோசம். தொகுத்தல் என்பது முன்பே இருப்பவற்றைத் திரட்டி ஒன்றாக்குவது. கூடலூர் கிழார் ஐங்குறுநூற்றைத் தொகுத்தார் என்றால், அந்த ஐந்நூறு பாடல்களையும் அவரே பாடினார் என்று எவரும் கொள்வதில்லை. தொல்காப்பிய மரபியலும் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது தொகுத்தலை ஒருபுறமும் விரித்தலை இன்னொருபுறமும் நிறுத்துகிறது. திரைப்படத்தில் துண்டுகளை வெட்டி ஒட்டுவதால் 'படத்தொகுப்பு' பொருத்தமாக அமைந்தது. அங்கிருந்து அச்சொல் எடிட்டிங் எனப்படும் எல்லாவற்றின் மீதும் பரவிவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவில் 'தொகு' என்னும் பொத்தான் ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிட்டதால் அதை அசைக்க வேண்டியதில்லை. வகுப்பறைக்குள் அதைக் கொண்டுவருவதுதான் தொல்லை. 'தொகுப்பாளர்' என்றால் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் ஒலிவாங்கி பிடித்து நிற்பவர் நினைவுக்கு வருகிறார். ஆசிரியர்களுக்கோ 'தொகுப்பு' என்றதும் தொகுப்பூதியம் நினைவுக்கு வருகிறது, அதில் மகிழ ஒன்றுமில்லை.

இதை உணர்ந்த சிலர் 'கூட்டுத் திருத்தம்' என்று மாற்றிப் பார்த்தார்கள். பள்ளியில் திருத்தம் என்பது சிவப்பு மையின் வேலை. பொதுத்தேர்வு முடிந்ததும் முகாமில் கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்திவிட்டு வருபவரிடம் கூட்டுத் திருத்தம் என்றால் பயணப்படி உண்டா என்றுதான் கேட்பார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் சேர்வராயன் மலையைப் பற்றி ஒரே பக்கத்தில் கட்டுரை எழுதுகிறார்கள் என்று கொள்வோம். ஒருத்தி 'காப்பித் தோட்டம்' என்று எழுதுகிறாள். அடுத்தவன் அதைக் 'காஃபித் தோட்டம்' ஆக்குகிறான். அவள் மீண்டும் பழையபடி மாற்றுகிறாள். மூன்றாமவன் ஓரத்தில் 'ஏற்காட்டுக் கடைப் பலகையில் காபி என்றுதான் இருக்கிறது' என்று குறிப்பு இடுகிறான். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது முந்தைய வடிவங்களின் வரலாற்றில் வரிசையாக இருப்பதால், நான்காமவன் தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதவில்லை என்பதையும் ஆசிரியர் கண்டுகொள்கிறார். இதில் தொகுத்தல் எங்கே இருக்கிறது? எழுதுகிறார்கள், அழிக்கிறார்கள், வழக்காடுகிறார்கள், மறுபடி எழுதுகிறார்கள். திருத்துவதும் எழுதுவதன் ஒரு பகுதியே. ஆங்கிலத்தில் 'எடிட்' என்று இருப்பதாலேயே தமிழிலும் அதற்கென ஒரு தனிச்சொல் இருந்தாக வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளர்களின் அச்சமேயன்றி மொழியின் தேவையன்று. அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே கண்ட முதல் பொருளை எடுத்து இரண்டையும் ஒட்டிவைப்பவர்கள், அந்தச் செயலியை ஒருமுறை திறந்து இரண்டு வரி எழுதிப் பார்த்திருந்தால் இந்தத் தொடரே பிறந்திருக்காது.

'கூட்டெழுத்து' என்று சுருக்கலாமே எனலாம். ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று பிணைந்து வரும் வரிவடிவத்துக்கு அப்பெயர் முன்பே உண்டு. பலர் ஒரே நேரத்தில், அவரவர் குரலில், ஒரே பாட்டைப் பாடுவதற்குச் 'சேர்ந்திசை' என்ற சொல் நம்மிடம் பழகிய சொல். அதே வார்ப்பில் 'சேர்ந்தெழுத்து' எனலாம். செயலிக்குச் 'சேர்ந்தெழுத்துச் செயலி', பங்கேற்பவர்க்குச் 'சேர்ந்தெழுதுநர்', வினையாகச் 'சேர்ந்தெழுது'. கூகுள் டாக்ஸ் என்பது பெயராகையால் அது அப்படியே இருக்கட்டும். அதைக் 'கூகுள் ஆவணங்கள்' ஆக்கும் தூய்மையில் எனக்கு ஈடுபாடில்லை.

தமிழாசிரியர்கள் ஓர் எதிர்ப்பை எழுப்பக்கூடும்: வினாத்தாளில் 'சேர்த்தெழுதுக' என்று ஒரு பகுதி இருக்கிறதே, பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா? அங்கே இருப்பது பிறவினை. இரண்டு சொற்களைச் சேர்க்கிறோம். இங்கே இருப்பது தன்வினை; எழுதுபவர்கள் தாமே சேர்கிறார்கள். தன்வினை, பிறவினைப் பாடம் நடத்தும் நாளில் இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், குழப்பம் தீர்வதோடு இலக்கணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டும் கிடைத்துவிடும்.