காரை விற்பதற்கு முன் ஒரு தடவை கேளுங்கள்

ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் மண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி என்னிடம் நடைப்பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக்கால் மாட்டி நாலு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் கூட வரும் மைனியைக் காணோம். "யாரு கூட வந்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நானே காரை எடுத்துட்டு வந்துட்டேம்லா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருடையது கியர் வண்டி. நாங்குநேரி வழியாக நாலுவழிச் சாலையில் பாளையங்கோட்டை வரை அதை ஓட்டி வந்திருக்கிறார்.

திட்ட மனம் வரவில்லை. எடை பார்க்கும் மெஷினை எடுத்து அவர் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். முதலில் இடது கால். "கண்ணை மூடிக்கிட்டு பத்து கிலோ காட்டுற அளவுக்கு அழுத்துங்க" என்றேன். ஒன்றிரண்டு தடவை பழகியதும் பதினொன்று காட்டியது. அப்புறம் வலது கால். இருபத்து மூன்று. திரும்பவும் அழுத்தச் சொன்னேன். இந்தத் தடவை ஆறு. கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை மூளைக்குச் சொல்வது உள்ளங்காலும் கணுக்காலும்தான். செயற்கைப் பாதத்துக்கு அந்த உணர்ச்சி கிடையாது. கணுக்காலை மடக்கி ஆக்சிலேட்டரை இளக்கவும் முடியாது, முழுக்காலையும் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் ஷூ நுனி பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? காலை வெட்டி எடுக்காவிட்டாலும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடக்கிறவர்கள் தயவுசெய்து பெடலை நம்பாதீர்கள்.

இப்படி ஒன்று நடந்தால் வீட்டார் உடனே சாவியைப் பிடுங்கி காரை விற்றுவிடுகிறார்கள். இல்லையென்றால் பழைய வண்டியைப் பழையபடியே ஓட்ட விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். எந்த உறுப்பு வேலை செய்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப வண்டியை மாற்ற முடியும்.

இடது காலில் மட்டும் குறை என்றால் பெரும்பாலும் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காரே போதும். சிறு வயதில் போலியோ வந்த ஒரு டீச்சர், கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் பல வருடம் மழையில் நனைந்தபடி பள்ளிக்கூடம் போயிருக்கிறார். கார் ஓட்டலாம் என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை. அதைக் கேட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

வலது கால் என்றால், ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்குக்கு இடப்பக்கம் இன்னொரு ஆக்சிலேட்டர் வைக்கலாம். இரண்டு ஆக்சிலேட்டரும் ஒரே நேரத்தில் வேலை செய்யக் கூடாது. ஒன்றை மடக்கினால்தான் மற்றது இயங்க வேண்டும்.

பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபட்டு, இரண்டு காலும் செயலிழந்தவர்கள் நம் பக்கத்தில் உண்டு. அவர்களுக்குக் கையால் இயக்கும் லீவர் இருக்கிறது. பெரும்பாலான லீவர்களில் முன்னால் தள்ளினால் பிரேக். சடன் பிரேக் போடும்போது உடம்பு முன்னால் சாயும். தள்ளுகிற கைக்கு அது துணையாகவே இருக்கும். மறு கைக்கு ஸ்டியரிங்கில் ஒரு குமிழ். வயிற்றுத் தசை பலமில்லாதவர்கள் வளைவில் சாய்ந்துவிடாமல் இருக்க மார்புக்கு ஒரு பெல்ட் தேவை. கால் திடீரென்று வெட்டி இழுத்துப் பெடலில் போய் விழாமல் இருக்கத் தடுப்பும் வேண்டும்.

உணர்ச்சியில்லாத தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் பெல்ட் கொக்கி எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். தொடையில் பட்டுப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கு 160 கிலோமீட்டர் போகிறவர்கள் கோவில்பட்டியில் ஒரு தடவை, விருதுநகரில் ஒரு தடவை நிறுத்தி, கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி, அழுத்தம் குறைத்துவிட்டுப் போங்கள். படுக்கைப்புண் சீட்டிலும் வரும்.

பக்கவாதம் வந்தவர்களிடம் நான் காலை மட்டும் பார்ப்பதில்லை. "தட்டில் இடது பக்கச் சோற்றை அப்படியே விட்டுவிடுகிறாரா?" என்று வீட்டில் கேட்பேன். ஆமாம் என்றால், அந்தப் பக்கம் வரும் சைக்கிளும் அவர் கவனத்துக்கு வராது. கை கால் எவ்வளவு தேறியிருந்தாலும் அது சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

இன்னொரு விஷயம். லேத் பட்டறையில் கம்பியை வெல்டிங் வைத்துப் பிரேக்கோடு இணைத்த ஒரு காரைப் பார்த்தேன். வெல்டிங்கில் தலைமுடி அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற கிட்டா என்று கேட்டு வாங்குங்கள். மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, மாற்றிய பின் ஆர்.சி. புக்கில் பதிந்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். லைசென்ஸும் இந்த வகை வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். முன்பு சட்டத்தில் இதன் பெயர் 'இன்வேலிட் கேரியேஜ்'. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்', அதாவது தகவமைத்த வண்டி, என்று ஆக்கினார்கள். இன்வேலிட் என்ற சொல் போனதே எனக்குப் பெரிய நிம்மதி.

அண்ணாச்சி கியர் வண்டியை விற்று ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வாங்கி, இடது கால் ஆக்சிலேட்டர் வைத்தார். முதல் நாள் மண்டி முற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது, இத்தனை வருடம் கிளட்ச் மிதித்த இடது கால் பிரேக்கையும் அதே மாதிரி ஓங்கி மிதித்துவிட்டது. பக்கத்தில் இருந்த மகன் பெல்ட் போட்டிருந்ததால் தப்பித்தான். ஆறு வாரம், தினமும் அரை மணி நேரம் அந்த முற்றத்தில்தான் பழகினார். லைசென்ஸ் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் ரோட்டில் ஏறினார்.

போன வாரம் போன் பண்ணினார். நெல்லை ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது முன்னால் பஸ் நின்றுவிட்டதாம். "வண்டி பின்னால உருண்டுருமோன்னு ஒரு நிமிசம் பயந்துட்டேன். அப்புறம் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, காலை நிதானமா மாத்தி எடுத்துட்டேன்" என்றார். முற்றத்தின் சரிவில் நாங்கள் நூறு தடவையாவது பழகியது அதைத்தான்.