சக்சஸ்: அது நாடுகடத்திய கப்பல் இல்லைங்க!

இந்த மாதம் இது மூன்றாவது. "1790-ல் கட்டி, பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை நாடுகடத்திய சக்சஸ் கப்பல், பயணிகள் பட்டியல் கிடைக்குமா மேடம்?" கூடவே வாட்ஸ்அப்பில் அதே பழைய போஸ்ட்கார்டு படம். கப்பல் பதிவேடுகளோடு பத்து வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். சக்சஸ் அளவுக்கு என் உயிரை வாங்கிய கப்பல் வேறில்லை.

அது 1840-ல் பர்மாவின் தெனாசரிம் கரையில் தேக்கில் கட்டிய 621 டன் வணிகக் கப்பல். (இந்த டன் எடை அல்ல, கொள்ளளவுக் கணக்கு. இதையும் வாரம் ஒருமுறை சொல்கிறேன்.) லண்டன் முதலாளிக்குக் கைமாறி, ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றி வந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை நாடுகடத்துவது நின்றதே அந்த 1840-ல்தான். கைதிகளை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு 1788-ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த 'முதல் அணி'யின் 11 கப்பல்களில் 'சக்சஸ்' என்ற பெயரே கிடையாது.

பிறகு கைதிக் கதை எப்படி ஒட்டிக்கொண்டது? 1852-ல் மெல்போர்னில் நங்கூரம் போட்டதும் மாலுமிகள் தங்கம் தோண்ட ஓடிவிட்டார்கள். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா குடியேற்றத்தின் அரசு கப்பலை வாங்கி மிதக்கும் சிறையாக்கியது. உள்ளே கைதிகள் இருந்தது நிஜம். ஆனால் அவர்களை அது எங்கிருந்தும் ஏற்றி வரவில்லை. நின்ற இடத்தில் பூட்டி வைத்தது. ஜெயிலும் ஜெயில் வேனும் ஒன்றா? இதைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடுகிறது.

1890-ல் சில வியாபாரிகள் வாங்கி, மெழுகுப் பொம்மைகளும் கை, கால் விலங்குகளும் வைத்துக் காட்சிக் கப்பலாக்கினார்கள். வயதில் ஐம்பதைக் கூட்டினால் டிக்கெட் விற்கும் அல்லவா? 1827-ல் கேப்டன் ஜேம்ஸ் ஸ்டெர்லிங் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றுக்கு வந்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் பெயரும் சக்சஸ்தான். அதன் வரலாறும் இதன் கணக்கில் ஏறியது. இங்கிலாந்து, அமெரிக்கா என்று சுற்றி, 1946 ஜூலை 4-ல் அமெரிக்காவின் ஈரி ஏரியில் எரிந்தது. பொய் மட்டும் எரியவில்லை.

தயவுசெய்து பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். கட்டிய ஆண்டு, கட்டிய ஊர், கேப்டன் பெயர், கரை சேர்ந்த தேதி: இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். 1836-ல் அளவு முறை மாறியதால் டன் எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கலாம். அதற்காக வேறு கப்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காட்சிக்கு விற்ற கையேட்டை ஆதாரமாக நீட்டாதீர்கள், அது விளம்பரம். தாத்தாவின் தாத்தா சக்சஸில் வந்தார் என்றால், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். 1840-க்கு முன் என்றால் அது வேறு சக்சஸ். அதைத் தேடித் தருவது என் பொறுப்பு. படத்தை மட்டும் அனுப்பாதீர்கள், என்னிடம் நாற்பது இருக்கிறது.