கிரவுண்டு வேணாம்னு மனு எழுதுறதுக்கு முன்னாடி, தண்ணி எங்கிட்டு ஓடுதுன்னு ஒரு நட போய்ப் பாருங்க

போன வைகாசில ஒரு ஞாயித்துக்கெழம, ஆபீஸ் லீவுன்னு தெரிஞ்சு நேரா வீட்டுக்கே வந்துட்டாங்க ஏழெட்டுப் பேரு. காரைக்குடியிலருந்து பக்கத்துல இருக்குற ஊருதான், ஃபைல் இன்னும் நடந்துகிட்டு இருக்குறதால பேரு போடல. ஊருக்கு மேக்கால இருக்குற பொட்டல்ல பத்து ஏக்கர் ஒரு ஃபுட்பால் கிளப் வாங்கியிருக்காங்க, ட்ரெய்னிங் கிரவுண்டு கட்டப் போறாங்களாம், ரெண்டு மைதானம், பசங்க தங்க ஒரு ஹாஸ்டல், ஃப்ளட் லைட்டு, சுத்திக் காம்பவுண்டு. ஊர்ல யாருக்கும் இஷ்டமில்ல. கலெக்டருக்குக் குடுக்க மூணு பக்கத்துக்கு மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்து, "சார் ஒரு தடவ பாத்துக் குடுங்க, திங்கக்கெழம சிவகங்கை போகணும்"னு நீட்டுனாங்க.

நான் சிவில் எஞ்சினியர், இருபது வருஷமா இந்தப் பக்கத்துல நிலம் அளந்து பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிக் குடுக்குறதுதான் வேலை, அதாவது பெரும்பாலும் கட்டுறவங்க பக்கம்தான் உக்காந்திருப்பேன். அதனாலயே ஒரு ஆட்சேபணை மனு ஆபீஸ் டேபிளுக்குப் போனதும் அதுக்கு என்ன ஆகும்னு நல்லாத் தெரியும். இந்த மனுவுல என்ன இருந்துச்சுன்னா, வெளியூர் ஆளுங்க நடமாட்டம் கூடும், ஊர்ப் பழக்கவழக்கம் கெட்டுப்போகும், நிம்மதி போயிரும், அதனால அனுமதிக்கக் கூடாது. அவங்க பயம் பொய்யின்னு நான் சொல்லல. ஆனா இத எந்த அதிகாரி படிச்சாலும் "பொதுவான ஆட்சேபணை"ன்னு ஒரு வரி எழுதி மூடிருவாரு, ஏன்னா அவரு பிளானோட ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு அதுல ஒரு சர்வே நம்பர் இல்ல, ஒரு அளவு இல்ல, இந்த இடத்துல இந்தச் சேதம் வரும்னு ஒரு வாக்கியம் இல்ல.

நான் மனுவ மடிச்சு வச்சுட்டு, அந்தப் பொட்டல்ல விழுற மழத்தண்ணி எங்க போகுதுன்னு கேட்டேன். ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கூட வந்திருந்த ஒரு ஆச்சி, எழுவது வயசுக்கு மேல இருக்கும், அதுவரைக்கும் வாயே தொறக்கல, அவங்கதான் சொன்னாங்க: "இதென்ன தம்பி கேள்வி, அந்தத் தண்ணி வந்துதானே நம்ம ஊருணி நெறையுது."

மூணு பக்க மனுவுல ஊருணிங்குற வார்த்தையே இல்லைங்க. மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

செட்டிநாட்டுல பொறந்தவங்களுக்கு இத விளக்க வேண்டியதில்ல, இருந்தாலும் இப்ப இருக்குற பசங்களுக்காகச் சொல்றேன். இங்க வத்தாத ஆறு கெடையாது, மழயும் கொறச்சல்தான், வடகிழக்குப் பருவமழைல ஐப்பசி கார்த்திகைல பெய்யுறத புடிச்சு வச்சாத்தான் வருஷம் ஓடும். அதனாலதான் நம்ம முன்னோருங்க வீட்டு முத்தத்துல விழுற தண்ணியக்கூட வீணாக்காம கொண்டுபோற மாதிரி வீடு கட்டுனாங்க, செம்புறாங்கல்லுல படி வச்சு ஊருணி வெட்டுனாங்க, பொட்டல் தண்ணி ஓடையில சேந்து, ஓடை தண்ணி ஊருணிக்கு வந்து, அது நெறஞ்சா மிச்சம் கண்மாய்க்குப் போற மாதிரி ஊரையே அமைச்சாங்க. பொட்டலுங்குறது சும்மா கெடக்குற எடம் இல்ல, அது ஊருணிக்கு நீர்பிடிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்க, பத்து ஏக்கர்ங்குறது ஏறக்கொறைய 40,000 சதுர மீட்டர், ஒரு ராத்திரில 50 மில்லிமீட்டர் மழ பெஞ்சா அந்த எடத்துல மட்டும் 20 லட்சம் லிட்டர் தண்ணி விழுது, அதுல பாதி மண்ணுக்குள்ள போனாக்கூட பத்து லட்சம் லிட்டர் ஓடி வரும்.

ஃபுட்பால் கிரவுண்டுக்கு என்ன வேணும்? மட்டமான தரை. ஒரு முழு மைதானம் 105 மீட்டர் நீளம் 68 மீட்டர் அகலம், அதச் சுத்தி கொஞ்சம் எடம் விட்டா ரெண்டு ஏக்கருக்கு மேல வந்துரும். சரிவா இருக்குற பொட்டல மட்டம் பண்ணணும்னா ஒரு பக்கம் வெட்டணும், இன்னொரு பக்கம் கிராவல் அடிச்சு ஒசத்தணும், அப்புறம் சுத்திச் சுவரு. அத்தனை வருஷமா ஓடுன தண்ணி அங்க முட்டி நின்னு, ஊருணிக்கு வராம வேற பக்கம் திரும்பும், பெரும்பாலும் பள்ளமா இருக்குற தெருவுக்குள்ளதான் திரும்பும். இது எனக்குப் புத்தகத்துல தெரிஞ்சது இல்ல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்யாண மண்டபத்துக்கு நானே பிளான் போட்டேன், பட்டா சுத்தமா இருந்துச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன், சித்திரை வெயில்ல போய்ப் பாத்ததால அங்கன ஒரு ஓடைத் தடம் இருந்தது என் கண்ணுல படல. அந்தக் கார்த்திகைலயே பின்னாடி தெருவுல இருந்த பதினாறு வீட்டுக்குள்ள தண்ணி போச்சு. ஒரு அம்மா நெல்லு மூட்டைய கட்டில் மேல தூக்கி வச்சுக்கிட்டு நின்னத நான் இன்னும் மறக்கல. அதுக்கப்புறம் எந்த எடத்துக்குப் போனாலும் மொதல்ல கேக்குறது தண்ணியத்தான்.

அன்னைக்குச் சாயங்காலமே அந்தப் பொட்டலுக்குப் போனோம். போறதுக்கு முன்னாடி எஃப்.எம்.பி. அதாவது ஒவ்வொரு சர்வே நம்பரோட எல்லையும் அளவும் காட்டுற புலப்படம், எந்த நம்பர் என்ன வகை நிலம்னு இருக்குற அ பதிவேடு ரெண்டையும் எடுத்தேன், ரெண்டுமே வருவாய்த்துறை வெப்சைட்லயே கெடைக்குது, யாரு வேணும்னாலும் எடுக்கலாம். கிளப் வாங்குனது ரெண்டு பட்டா நிலம், நடுவுல குறுகலா ஒரு துண்டு தனி சர்வே நம்பர்ல கெடக்கு, பதிவேட்டுல ஓடைப் புறம்போக்கு. தரையில பாத்தா ஒண்ணுமே தெரியாது, கருவேலம் மண்டிக் கெடக்கு. அவங்க போட்டிருந்த லேஅவுட்டுல ரெண்டாவது மைதானம் சரியா அது மேலதான் உக்காந்திருந்துச்சு. அவங்களும் கெட்ட எண்ணத்துல பண்ணல, சென்னையில உக்காந்து சாட்டிலைட் படத்த வச்சு வரைஞ்சிருக்காங்க, அதுல ஓடை எப்படித் தெரியும்.

இப்ப மனுவுக்கு உசுரு வந்துருச்சு. பட்டா நிலத்துல என்ன கட்டணும்னு சொல்றது அவங்க உரிமை, ஆனா நீர்நிலைப் புறம்போக்குல யாரும் கை வைக்க முடியாது. 2011ல பஞ்சாப்ல ஒரு ஊர்க் குளத்து வழக்குல உச்ச நீதிமன்றம், ஊருக்குப் பொதுவான நிலத்த ஆக்கிரமிச்சா எடுக்கணும்னு எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டிருக்கு. அதனால "கிரவுண்டு வேணாம்"னு இருந்தத, "இந்த சர்வே நம்பர்ல உள்ள ஓடையை அளந்து கல் நடணும், அதோட அகலத்துக்கு எந்தக் கட்டுமானமும் வரக் கூடாது, ஊருணிக்குப் போற வரத்து அடைபடக் கூடாது"ன்னு மாத்தி எழுதுனோம். கலெக்டர் ஆபீஸ் ஒண்ணுக்கு மட்டும் குடுத்தா பத்தாது, தாசில்தாருக்கும், பிளான் பாக்குற நகர் ஊரமைப்பு ஆபீசுக்கும், ஊராட்சிக்கும் தனித்தனியா குடுத்து ரசீது வாங்குங்கன்னு சொன்னேன். விவசாய நிலத்தோட உபயோகத்த மாத்துறதுக்குப் பேப்பர்ல விளம்பரம் வந்தா, அதுல ஆட்சேபணைக்கு நாள் குறிச்சிருப்பாங்க, அந்த நாள் தாண்டுனா எவ்வளவு நல்ல காரணமா இருந்தாலும் கஷ்டம். கிராம சபைல தீர்மானம் போடுறதும் நல்லது, அது ஒண்ணே தடுத்துறாது, ஆனா பதிவுல நிக்கும்.

அடுத்தது அவங்களுக்கு வேண்டிய தண்ணி. புல்லு மைதானத்துக்கு நம்ம வெயிலுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி விட்டாலே ஒரு மைதானத்துக்கு 35,000 லிட்டருக்கு மேல, அதாவது 12,000 லிட்டர் லாரில மூணு லோடு. எங்கருந்து எடுக்கப் போறீங்க, எத்தனை போர், எவ்வளவு ஆழம்னு எழுத்துல கேளுங்க. செயற்கைப் புல்லுன்னா தண்ணி மிச்சம்தான், ஆனா வெயில்ல அந்தத் தரை கொதிக்கும், உள்ள போடுற ரப்பர் துகள் மழைல அடிச்சு ஓடைக்கு வரும், ஐரோப்பிய யூனியன் 2023லயே அந்தத் துகள் விக்கிறதுக்கு எட்டு வருஷக் கெடு வச்சுத் தடை போட்டிருச்சு. ஊருணிக்கு மேக்கால அது வேணாம்னுதான் நான் சொல்வேன்.

லைட்டு, சத்தம் விஷயத்துல நம்ம பக்கத்துல ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கு. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவை சரணாலயம், அங்க கொள்ளுகுடிப்பட்டி ஜனங்க பறவைங்க பயந்துரும்னு தீவாளிக்குக் கூட வெடி போடுறதில்ல. அப்பேர்ப்பட்ட மாவட்டத்துல, லைட்ட கீழ பாத்து மூடி போட்டு வைங்க, இத்தன மணிக்கு மேல அணைச்சிருங்கன்னு கேக்குறது ஒண்ணும் அதிகம் இல்ல. சத்தத்துக்கு 2000ஆம் வருஷத்து விதியே இருக்கு, குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணிக்கு மேல 45.

லண்டன்லயும் இதே மாதிரி நடந்துச்சு. சவுத்ஹால் பக்கம் வாரன் ஃபார்ம்னு ஒரு பெரிய திறந்தவெளி, அங்க குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் பயிற்சி மைதானம் கட்ட ஈலிங் கவுன்சில் அனுமதி குடுத்துருச்சு. சுத்தி இருந்த ஜனங்க கோர்ட்டுக்குப் போனாங்க, வருஷக்கணக்குல இழுத்துச்சு, அதுக்குள்ள புல்லு வளந்து வானம்பாடி தரையில கூடு கட்ட ஆரம்பிச்சிருச்சு, அவங்க ஒவ்வொரு பறவையையும் செடியையும் பதிவு பண்ணி வச்சாங்க. கடைசில கிளப்பு ஹெஸ்டன்ல வேற எடம் பாத்துப் போய் 2023ல அங்க தொறந்துட்டாங்க. கிளப்புக்கும் கிரவுண்டு கெடச்சது, வானம்பாடிக்கும் எடம் மிஞ்சுச்சு.

ஒண்ணு சொல்லணும். எல்லாரும் கெளம்புனப்புறம் ஒருத்தர் மட்டும் வாசல்ல நின்னாரு. "சார், எம்பொண்ணு ஸ்கூல் டீம்ல ஃபுட்பால் ஆடுது, கிரவுண்டு வந்தா அவளுக்கு நல்லதுதான், ஊரோட சேராம இருக்க முடியலன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்"னாரு. அந்தப் புள்ள இப்ப காஞ்ச கண்மாய்க்குள்ள கல்லுலயும் முள்ளுலயும் ஓடிப் பழகுது. அதனால மனுவோட கடைசில, ஊர்ப் புள்ளைங்களுக்குக் காலைல ரெண்டு மணி நேரம் மைதானம் இலவசமா குடுக்கணும்னு ஒரு வரி சேத்தோம், பெருசுங்க ரெண்டு பேரு மொதல்ல மொறச்சாங்க, ஆச்சிதான் "எழுதுடா தம்பி"ன்னுட்டாங்க.

ஐப்பசில ஒரு நாள் விடியக்காலம் ஆச்சி வீட்டுலருந்து போன் வந்துச்சு, ஓடை ஓடுதுன்னு. கிளப்போட எஞ்சினியரு அன்னைக்கு காரைக்குடியிலதான் தங்கியிருந்தாரு, அவரையும் கூப்பிட்டுக்கிட்டுப் போனேன். ரெண்டாவது மைதானம் வர வேண்டிய எடத்துல கணுக்கால் அளவுக்குச் செவப்புத் தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவரு ஷூவக் கழட்டிட்டு எறங்கி டேப்ப புடிச்சு அகலத்த அளந்தாரு. போன வாரம் திருத்துன பிளான் வந்திருக்கு, ஓடைய விட்டுட்டு மைதானத்த வடக்கால தள்ளியிருக்காங்க, சுவருக்கு அடியில தண்ணி போக வழி விட்டிருக்காங்க. லைட்டு எத்தனை மணிக்கு அணையும்ங்குறது மட்டும் இன்னும் அதுல இல்ல, அதுக்குத்தான் இந்த வாரம் மறுபடி கடிதம் எழுதிக்கிட்டு இருக்கோம்.