பெர்லின் சத்தமாம்!

"பெர்லின் சத்தத்தைப் பின்னணியில் சேர்க்கவும்." ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என்னிடம் நிரல் எழுதப் பழகும் பையன், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு பாடத்தின் இந்த வரியைக் காட்டி, "சார், ஜெர்மனியிலேர்ந்து சத்தத்த எப்படி எடுக்கிறது? என் லேப்டாப்புல ஸ்பீக்கர் வேற போச்சு" என்றான். அவன் செய்ய நினைத்ததோ, திரையில் நீலமும் ஊதாவும் குழைந்து நெளியும் ஒரு பின்னணி. எந்த மொழிபெயர்ப்புப் பாடத்தைத் திறந்தாலும் 'நாய்ஸ்' என்பது சத்தம்தான். கொஞ்சம் அக்கறை உள்ளவர் என்றால் இரைச்சல்.

பெர்லின் இங்கே ஊர் இல்லை, ஆள். இப்படிக் குழையும் படங்களைக் கணக்குப் போட்டு உண்டாக்கும் 'பெர்லின் நாய்ஸ்' முறையைக் கணினி வரைகலைக்காரர் கென் பெர்லின் 1983-இல் உருவாக்கினார். 1997-இல் அதற்காக ஆஸ்கர் குழுவின் தொழில்நுட்ப விருது பெற்றார்.

'நாய்ஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் மூலம் லத்தீன் 'நாசியா', அதாவது கடல் பயணக் குமட்டல், என்பதே பலர் கருத்து. வல்லம் என்கிற மீன்பிடிப் படகில் முதல் தடவை போய்க் குடலைக் கக்கியவர்களுக்கு இது விளங்கும். வானொலிக்காரர்கள் கருவியில் கேட்ட கொரகொரப்பை அப்படி அழைத்தார்கள். அப்புறம் படத்தில் தெரியும் புள்ளிக் குழப்பத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அது அவர்கள் மொழியில் நடந்த கதை. நாம் ஏன் அதைக் காதோடு சேர்த்துத் தூக்கிவர வேண்டும்?

இரைச்சல் நல்ல சொல்தான். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில், எங்கள் தென்கரையின் ஆண்கடல் இரைவதைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் கேட்டுத்தான் வளர்ந்தேன், பார்த்து இல்லை.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'ஒழுங்கிலி' என்றார். தூய சொல், தவறான பொருள். பெர்லின் முறையில் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறோம். ஒழுங்கின்மை அந்தக் கட்டங்களின் முனைகளோடு சரி: ஒவ்வொரு முனைக்கும் ஏதோ ஒரு திசை. முனைகளுக்கு நடுவே உள்ள புள்ளிகள் சுற்றியுள்ள நாலு முனைகளையும் பார்த்து மதிப்பை வழவழப்பாக நிரவிக்கொள்கின்றன. அதனால் பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே மதிப்பில் இருக்கும். அந்த மதிப்புக்குத்தான் நிறம் கொடுக்கிறோம். அசைய வேண்டுமா? நேரத்தை மூன்றாவது அச்சாகக் கொடுத்தால் போதும். இவ்வளவு அக்கம்பக்க உறவு உள்ள ஒன்று எப்படி ஒழுங்கிலி ஆகும்? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வெண்புள்ளிக் குழப்பத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளட்டும்.

என் சொல் 'கலங்கல்'. வாடை வீசும் மாதங்களில் மண்டபத்தின் வடகரையில் நின்று பாருங்கள். அமைதியான கடல் என்பதால் பெண்கடல் என்று பெயர்தான். தண்ணீர் கலங்கிக் கிடக்கும். இங்கே சேற்று நிறம், அங்கே பச்சை, நடுவில் கோடு எதுவும் கிடையாது. எங்கே மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. நின்று பார்க்கும்போதே திட்டுகள் நகரும். பையன் திரையில் ஓடுவது அச்சு அசலாக இதுதான். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் 'சத்தம்' என்று எழுதக் கை வந்திருக்காது. பொருளைப் பார்க்காமலே பெயர் வைக்கிற பழக்கம் இப்போது எல்லாத் துறையிலும் இருக்கிறது.

சில ஊர்களில் கலங்கல் என்றால் ஏரியில் மிகுநீர் வழியும் இடம், குழப்பம் வராதா என்று நண்பர் கேட்டார். எங்கள் கண்மாய்களில் அது கலுங்கு. நிரலுக்கு நடுவே யாரும் கலுங்கு கட்டப்போவதில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் இரைச்சலையே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பையன் தன் நிரலில் இந்த வேலையைச் செய்யும் சார்புக்கு (ஃபங்ஷன்) 'கலங்கல்' என்று பெயர் வைத்துவிட்டான். ஸ்பீக்கரை இன்னும் சரிசெய்யவில்லை.