வருமானம் கேட்காத கணக்கெடுப்பில் வறுமையைப் படிப்பது எப்படி?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சென்சஸ்ல யாரும் சம்பளம் எவ்வளவுன்னு கேக்குறதில்ல. அப்புறம் அதை வெச்சு ஏழை, பணக்காரன்னு பத்திரிகையில எப்படி எழுதுறாங்க?"

வருமானக் கேள்வி கிடையாது, உண்மைதான். ஆனால் தலைகளை எண்ணுவதற்கு முன் வீட்டுப் பட்டியல் என்றொரு சுற்று நடக்கும். 2011 கணக்கெடுப்பில் அந்தச் சுற்றில் 35 கேள்விகள். கூரை ஓடா தகரமா, தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதா, சமையல் விறகிலா கேஸிலா, டிவி, ஸ்கூட்டர், வங்கிக் கணக்கு உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். சம்பளத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடலாம். கூரையை அப்படிச் சொல்ல முடியாது.

சரி, இத்தனை பதில்களை ஒரே எண்ணாக்குவது எப்படி? ஸ்கூட்டருக்கு 10, டிவிக்கு 5 என்று நாமே மதிப்பெண் போட்டால் அது நம் அபிப்பிராயம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணிதம் வருகிறது: முதன்மைக் கூறு பகுப்பாய்வு. 1901இல் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் தந்த யோசனை. வசதி என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எது எதோடு சேர்ந்து வருகிறது என்று மட்டும் அது பார்க்கும். கேஸ் உள்ள வீட்டில் பெரும்பாலும் டைல்ஸ் தரையும் ஸ்கூட்டரும் இருக்கும். மண் தரை வீட்டில் விறகடுப்பு இருக்கும். இப்படிச் சேர்ந்தே ஏறி இறங்குபவற்றைப் பிடித்து, வீடுகள் ஒன்றைவிட்டு ஒன்று மிக அதிகமாக விலகி நிற்கும் திசையைக் கண்டுபிடிக்கும். அந்தத் திசையில் ஒரு பொருளுக்கு எவ்வளவு பங்கோ, அதுவே அதன் மதிப்பெண். மண் தரைக்குக் கழித்தல் குறி விழும். எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள் யாரையும் பிரித்துக் காட்டாது, அதற்கு அங்கே வேலையே இல்லை. எவ்வளவு நியாயமான கணக்கு! தேசியக் குடும்ப நல ஆய்வு குடும்பங்களை ஐந்து படிகளாகப் பிரிப்பதும் இந்த வழியில்தான்.

சென்சஸில் ஒரு தடை உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி வீட்டின் விவரம் ரகசியம்; கிராமம், வார்டு வாரியான சதவீதம்தான் வெளிவரும். எனவே ஊர்களைத்தான் வரிசைப்படுத்த முடியும். கேரளத்தில் இது பெரிய சிக்கல். 2011 கணக்குப்படி அங்கே ஒரு கிராமத்துக்குச் சராசரியாக 17,000 பேர், தமிழ்நாட்டில் சுமார் 2,300 பேர். மலையிறங்கித் தேனிப் பக்கம் போனால் சின்ன ஊரின் வறுமைகூடத் தனியாகத் தெரியும். பீர்மேட்டில் ஏலத்தோட்ட முதலாளியின் வீடும் தேயிலை எஸ்டேட் லயமும் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) ஒரே சதவீதத்தில் கரைந்துவிடும்.

லயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நிர்வாகம் தந்த வீடு அது. கெட்டியான சுவர், மின்சாரம் என்று மதிப்பெண் ஏறும். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அந்த எண்ணில் வராது. அதனால் எஸ்டேட்டைப் பற்றி எழுதும் நிருபர் முதலில் பார்க்க வேண்டியது 'சொந்தம், வாடகை, மற்றவை' என்ற அட்டவணைப் பத்தியை. சொந்தமும் வாடகையும் இல்லாத வீடு 'மற்றவை'யில்தான் வரும்; அது மிகுந்த ஊரில் சுவரை நம்பி எழுதக் கூடாது.

2011க்குப் பிறகு அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. இத்தனை ஆண்டு இடைவெளி பெரிய அநியாயம் என்பேன்; மானிய ரேஷன் எத்தனை பேருக்கு என்ற வரம்புகூட இன்னும் 2011 எண்ணிக்கையில்தான் நிற்கிறது. இந்த முறையாவது கிராமத்துக்கும் கீழே இறங்கி, சிறு வட்டங்கள் வாரியாக அட்டவணை தர வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவதில் கஞ்சத்தனம் கூடாது.

2011 வீட்டுப் பட்டியல் அட்டவணைகள் சென்சஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இடுக்கியையும் தேனியையும் எடுத்து, அந்த உரிமைப் பத்தியிலிருந்து தொடங்குங்கள்.