ஐம்பதுக்கு மேல் கீட்டோ: இறங்கும் எடை கொழுப்பா, தசையா?

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இரண்டு, மூன்று கிலோ இறங்கிவிடும். அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் சேமிப்புச் சர்க்கரையான கிளைகோஜன், கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே போனதும் அந்தக் கையிருப்பு கரைகிறது, நீரும் போய்விடுகிறது. இது பொருட்டல்ல. கவனிக்க வேண்டியது மூன்றாவது, நான்காவது மாதத்தில் இறங்கும் எடையை. அது கொழுப்பா தசையா என்று எடை மெஷின் சொல்லாது.

முப்பது வயதைத் தாண்டியதிலிருந்து பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குமேல் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் வேகமாகக் குறையும். காரணம், முதலில் மெலிபவை வேகமாகச் சுருங்கி விரியும் தசை இழைகள். கால் இடறும்போது சட்டென்று ஊன்றி நம்மைத் தாங்குவது அவைதான். அவற்றைத் தூண்ட நடைப்பயிற்சி போதாது, பாரம் தூக்கியாக வேண்டும். 'இந்த வயதிலா?' என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் கடினமான கால் பயிற்சி கொடுத்த ஓர் ஆய்வு 1990இல் வெளியானது. அவர்களின் கால் வலு இரு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

பயிற்சி சரியாக இருந்தும் தசை போகிறதென்றால் முதலில் தட்டைப் பார்க்க வேண்டும். நாங்கள் அதிகம் காணும் கோளாறு, கொழுப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு புரதத்தைக் கிள்ளிப் போடுவது. கீட்டோ உணவுமுறை 1921இல் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக உருவானது. அந்த மருத்துவ முறையில் கலோரியில் 90 சதவீதம் வரை கொழுப்பு, புரதம் மிகக் குறைவு. அந்தக் கணக்கை ஆரோக்கியமான ஐம்பது வயதுக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. 'புரதம் கூடினால் அது சர்க்கரையாக மாறி கீட்டோசிஸ் (சர்க்கரைக்குப் பதில் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களை உடல் எரிக்கும் நிலை) கலைந்துவிடும்' என்ற பயம் வேறு. உடல் தனக்குத் தேவையான அளவுக்குத்தான் புரதத்திலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கிறது. இரத்தத்தில் கீட்டோன் அளவைக் காட்டும் மீட்டரில் 1.5 இருந்தது 0.6 ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. எங்களைக் கேட்டால், எடை தூக்கும் ஐம்பது வயதுக்காரர் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

கணக்கு இப்படி. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம். 70 கிலோ எடைக்கு 84 முதல் 112 கிராம். எடை மிக அதிகம் உள்ளவர்கள் தாங்கள் அடைய நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடலாம். அதை எப்படிப் பிரிக்கிறோம் என்பதும் முக்கியம். வயதான தசை கொஞ்சப் புரதத்துக்கு அசைந்து கொடுக்காது. 20 வயதில் ஒரு வேளைக்கு 20 கிராம் செய்த வேலையைச் செய்ய இப்போது 30 முதல் 40 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30. காலையில் வெண்ணெய் போட்ட காப்பி மட்டும் குடித்துவிட்டு இரவில் எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடுபவர், நாளில் ஒரே ஒரு முறைதான் தசையைக் கட்டுகிறார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. மருத்துவர் சொல்வதே அளவு.

அடுத்து மருந்துச்சீட்டு. ஐம்பதுக்கு மேல் மாத்திரை எடுக்காதவர்கள் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் கீட்டோவைத் தொடவே கூடாது. இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். சர்க்கரை மீட்டர் 180தான் காட்டுகிறதே என்று வீட்டில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு எடுப்பவர்களுக்குச் சிக்கல் நேர் எதிரானது: சர்க்கரை தாழ்ந்துவிடும், பயிற்சிக்குப் பிறகு இன்னும் தாழும். அளவைக் குறைப்பது மருத்துவரின் வேலை, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரத்த அழுத்த மாத்திரையும் உப்பும் ஒன்றோடொன்று பின்னியவை. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றும். தரையிலிருந்து பாரக் கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்டின் கடைசி ரெப்பை (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) முடித்துக் கம்பியைக் கீழே வைத்து நிமிர்கிறார் ஒருவர். பார்வை ஓரங்களில் இருள்கிறது, கை தானாகச் சுவரைத் தேடுகிறது. மயக்கம் மாவுச்சத்து இல்லாததால் என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் உப்பும் நீரும் போதாததே காரணம். சோதிப்பது எளிது: ஐந்து நிமிடம் படுத்திருந்து அழுத்தம் பாருங்கள், எழுந்து நின்று முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அன்று பாரம் தூக்க வேண்டாம். அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். அழுத்தம், இதயம், சிறுநீரகம் எதிலும் சிக்கல் இல்லாதவர்கள் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்த சூப் குடித்தால் சுமார் ஒரு கிராம் சோடியம் கிடைக்கும். 'ப்ரில்', 'சார்டன்' என முடியும் அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் பொட்டாசியம் கலந்த 'சோடியம் குறைந்த உப்பு' பக்கம் போகக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

பயிற்சிக்கு வருவோம். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் 48 மணி நேர ஓய்வு. நாற்காலி உயரத்துக்கு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், இடுப்பை மடக்கும் டெட்லிஃப்ட், டம்பெல்லை இழுக்கும் ரோ, தள்ளும் அசைவு ஒன்று, இரு கையிலும் எடை பிடித்து நடப்பது, இவ்வளவு போதும். ஒவ்வொன்றும் மூன்று செட்; இடைவிடாமல் செய்யும் ஒரு செட்டுக்கு 5 முதல் 8 ரெப். இன்னும் இரண்டு ரெப் போடலாம் என்றிருக்கும்போதே நிறுத்துங்கள். இரண்டு செட்டுக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிட ஓய்வு. இந்த நீண்ட ஓய்வைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். குறைந்த ரெப்பில் கனமாகத் தூக்கும்போது தசை முதலில் செலவழிப்பது தன்னிடமுள்ள உடனடி எரிபொருளான கிரியேட்டின் பாஸ்பேட்டை. அது மீண்டும் நிரம்ப அவ்வளவு நேரமாகும். முப்பது வினாடி ஓய்வில் இருபது இருபது ரெப்பாக ஓடும் சர்க்யூட் பயிற்சி கிளைகோஜனைத் தின்றுதான் நடக்கும், கீட்டோவில் அது பாதியிலேயே படுத்துவிடும்.

ஸ்குவாட்டில் கீழே இறங்க மூன்று வினாடி எடுங்கள். குதிகால் தரையை விடக் கூடாது. முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். நாற்காலியைத் தொட்டதும் தொப்பென்று உட்காராமல், மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். மூச்சை இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் அந்தச் சில வினாடிகளில் எகிறும். எட்டு ரெப் எல்லா செட்டிலும் வந்தபிறகே 1 முதல் 2.5 கிலோ கூட்டுங்கள். தசை வளரும் வேகத்துக்குத் தசைநாண் வளராது, அவசரப்படுபவர்களுக்கு முழங்கையும் தோளும்தான் முதலில் மக்கர் செய்யும்.

கீட்டோவின் முதல் மூன்று வாரம் தூக்கும் எடையைக் குறைக்காமல், மூன்று செட்டை இரண்டாக்குங்கள். நோட்டில் எழுதி வாருங்கள். மாதம் ஒருமுறை, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரத்தையும் குறியுங்கள்; 15 வினாடிக்கு மேல் என்றால் தசை வலு குறைவு. தூக்கும் எடை இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் தூக்கம், உப்பு, புரதம் என்ற வரிசையில் சரிபாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு 20 முதல் 30 கிராம் மாவுச்சத்து எடுத்துப் பார்க்கலாம். கிரியேட்டின் என்ற துணை உணவு நாளுக்கு 3 முதல் 5 கிராம் பலருக்கும் உதவும். ஆனால் அது இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அளக்கும் கிரியேட்டினைனைச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்பதால், இரத்தம் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.