பெட்டியில் 'அன்ரி ஏஜிங்' என்று இருந்தால்

"ஆளைப் பாத்தா இன்னும் இளந்தாரி மாதிரி" என்று ஊரில் சொல்பவர் முடி, வயிறு, நடை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறார். கிறீம் பெட்டியில் உள்ள 'அன்ரி ஏஜிங்' (மூப்புக்கு எதிரானது) தோலை மட்டுமே பேசுகிறது. (யாரும் 'அன்ரி' என்று கூப்பிடக்கூடாதென்று வாங்கும் சாமானின் பெயரே 'அன்ரி'யில் தொடங்குகிறது!) அது மருத்துவச் சொல்லல்ல, விற்பனைச் சொல். தோலில் ஈரத்தைப் பிடித்துவைத்து, சுருக்கத்தைச் சில மணி நேரம் மறைக்கும் சாதாரணக் கிறீமிலும் அதை அச்சிடுகிறார்கள்.

உங்கள் மேற்கையின் உட்புறத்தையும் முன்கையின் வெளிப்புறத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயது. ஒன்று மழமழப்பு, மற்றது கரடும் புள்ளியும். வித்தியாசம் பெரும்பாலும் வெயில் செய்தது. வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் தோலின் ஆழம்வரை போய், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரத நார்களைச் சிதைக்கிறது. கண்ணாடியையும் தாண்டும், ஆகவே பஸ்ஸில் யன்னல் ஓரம் இருப்பவருக்கும் விலக்கில்லை. யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்.

அதனால் இளமைக்கான முதல் கிறீம் சண் கிறீம்தான். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், கூடவே ஏ கதிருக்கான காப்பைக் காட்டும் 'பி.ஏ.+++' இருக்கவேண்டும்; எஸ்.பி.எஃப். எண் தோலை எரிக்கும் பி கதிரைத்தான் முக்கியமாக அளக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, சுட்டுவிரல், நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு, ஏறத்தாழ 1 கிராம். அந்தக் கணக்கில் 50 கிராம் ரியூப் இரண்டு மாதம்கூடப் போகாது. உங்களுக்கு ஒரு வருடம் போகிறதென்றால் பூசுவது போதாது. வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூசவேண்டும். ஸ்கூட்டி ஓடுபவர்கள் பின்கழுத்தையும் புறங்கையையும் மறந்துவிடுகிறார்கள்.

சுருக்கத்தை ஓரளவு குறைப்பதாக நல்ல ஆதாரம் உள்ளது, விற்றமின் ஏ சார்ந்த ரெற்றினோயிட் வகைக் கிறீமுக்கு. இரவில், முகம் கழுவி நன்றாகக் காய்ந்தபின், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. முதலில் கிழமைக்கு இரண்டு தரம். கண்ணோரமும் உதட்டோரமும் வேண்டாம். முதல் கிழமைகளில் தோல் உரியும், சிவக்கும். 'ஒத்துவரேல்லை' என்று பலர் எறிவது அப்போதுதான். பலன் தெரிய மூன்று மாதமாவது செல்லும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு ஆயத்தமாகிறவர்களும் தொடவே கூடாது.

பூசும் கொலாஜனில் காசைப் போடாதீர்கள். தோலுக்குள் இறங்க மூலக்கூறின் எடை சுமார் 500 டால்டனுக்குள் (மூலக்கூறு எடையின் அலகு) இருக்கவேண்டும்; கொலாஜன் ஏறத்தாழ 3 லட்சம்.

பயப்படவேண்டியது, ஒரே கிழமையில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் பெயரில்லாத டப்பா. அதில் பல வேளைகளில் இருப்பது குளோபெற்றசோல், பீற்றாமெதசோன் போன்ற ஸ்ரீரொயிட், அல்லது பாதரசம். ஸ்ரீரொயிட்டை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெல்லியதாகும். கன்னத்தில் மெல்லிய சிவப்பு இரத்தக்குழாய்கள் தெரியும், பருவும் மயிரும் வரும், நிறுத்தினால் எரிந்து சிவக்கும். அந்த எரிவை அடக்க மறுபடி அதையே பூசுவதுதான் பொறி. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உள்ளடக்கப் பட்டியலும் பட்ச் இலக்கமும் இல்லாத டப்பாவை வாங்கவேண்டாம். ஏற்கெனவே பூசியிருந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள்; பெயர் தெரியாவிட்டாலும் டப்பா உதவும்.

நல்ல ரியூப்பையும் ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் தண்ணீரும் எண்ணெயும் பிரிந்துவிடும். பிதுக்கும்போது முதலில் தண்ணீர் வந்தால் அது முடிந்தது.